ஒப்பீட்டுக்காக விட்ட காடு

2019 ஆகஸ்ட்டில் அமேசான் எரிந்தபோது நம்ம டைம்லைன் முழுக்க ஒரே வரிதான் ஓடியது: உலகத்தின் நுரையீரல் எரிகிறது. பிரான்ஸ் அதிபர் மக்ரோன் போட்ட ட்வீட்டிலும் அதே நுரையீரல், கூடவே உலகின் 20 சதவீத ஆக்ஸிஜனை அமேசான்தான் தருகிறது என்ற கணக்கு. அவர் இணைத்திருந்த படத்தை எடுத்தவர் லோரன் மெக்கின்டயர். அவர் 2003-லேயே காலமாகிவிட்டார். பழைய படம் போட்டதை விட்டுவிடலாம், அவசரத்தில் யாருக்கும் நடப்பது. அந்த உருவகத்தை அப்படி விட முடியவில்லை. ஏனென்றால் அது இன்னும் சாகவில்லை. பள்ளிப் பேச்சுப்போட்டியில் இருக்கிறது, நாளிதழ்த் தலையங்கத்தில் இருக்கிறது, 'சூழலியல் கவிதை' என்ற பெயரில் வரும் தொகுப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

அறிவியல்படி அது தப்பு என்பது பலருக்கும் இப்போது தெரியும். காடு பகலில் ஆக்ஸிஜன் விடுகிறது, உண்மைதான். ஆனால் அதே மரங்கள் சுவாசிக்கின்றன. உதிர்ந்த இலையையும் விழுந்த கட்டையையும் மக்க வைக்கும் பூஞ்சையும் நுண்ணுயிரும் சுவாசிக்கின்றன. கூட்டிக் கழித்தால் மிச்சம் கிட்டத்தட்ட பூஜ்யம். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் காற்றில் சேர்ந்த பழைய இருப்பு. அதோடு, நுரையீரல் என்ற உறுப்பு ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே தள்ளுவது. அதாவது உருவகம் தலைகீழாகவும் இருக்கிறது!

என் புகார் வேறு. நுரையீரல் யாரோ ஒருவருடைய உடம்புக்குள் இருக்கும் பொருள். அதற்குள் யாரும் குடியிருப்பதில்லை, அதற்கென்று வரலாறு கிடையாது, அது ஒவ்வொரு பத்தாண்டிலும் வேறொன்றாக மாறுவதும் கிடையாது. வேலை செய்யும், இல்லாவிட்டால் நின்றுபோகும், அவ்வளவுதான். மழைக்காட்டுக்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்திருப்பதை இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எழுதவே முடியாது. எழுத முடிந்த இடம் எது என்று தேடினால் அது கொஞ்சம் சங்கடமான இடம்: பார்க்கவே சலிப்பூட்டும் ஆய்வுக் கட்டுரைகள். அட்டவணை, வரைபடம், பிழை எல்லை, கடைசியில் நன்றியுரை. அவற்றை உரைநடையாக வாசிக்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி. ஒரே ஓர் ஆய்வுக்களத்தை எடுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி இரண்டு நல்ல புத்தகங்களும் இருப்பதால் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் வசதி.

பிரேசிலின் மனாஸ் நகரத்துக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது அந்தக் களம். 1970களில் அங்கே ராணுவ ஆட்சி. காட்டை அழித்து மாட்டுப்பண்ணை வைப்பவர்களுக்கு அரசே மானியம் கொடுத்தது. ஆனால் சட்டத்தில் ஒரு ஷரத்து இருந்தது: பண்ணைக்காரர் தன் நிலத்தில் பாதியைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும். தாமஸ் லவ்ஜாய் என்ற அமெரிக்க உயிரியலாளர் பிடித்துக்கொண்டது இந்த ஷரத்தைத்தான். எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள், எப்படியும் பாதியை விடத்தான் போகிறீர்கள். விடுவதை நான் சொல்லும் அளவில் சதுரம் சதுரமாக விடுங்களேன்! 1979-ல் வேலை தொடங்கியது. 1 ஹெக்டேர், 10 ஹெக்டேர், 100 ஹெக்டேர் என்று மொத்தம் பதினொரு காட்டுத் துண்டுகள், சுற்றிலும் மேய்ச்சல் நிலம். வெட்டுவதற்கு முன்பே உள்ளே இருந்த மரங்களையும் பறவைகளையும் கணக்கெடுத்திருந்தார்கள். இதன் தனித்தன்மை அதுதான். உலகத்தில் துண்டான காடுகளுக்குப் பஞ்சமில்லை. துண்டாவதற்கு முன்னால் என்ன இருந்தது என்ற கணக்குக்குத்தான் பஞ்சம்.

வால்பாறைக்குப் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். தேயிலைக்கு நடுவே தீவு தீவாக நிற்கும் மழைக்காட்டுத் துண்டுகள். திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகியோரும் அவர்கள் குழுவினரும் பல ஆண்டுகளாக அந்தத் துண்டுகளில் நாட்டு மரங்களை நட்டு மீட்டுவருகிறார்கள். ஆனால் அங்கே தோட்டத்துக்காகக் காடு போனது வெள்ளைக்காரன் காலத்தில். வெட்டுவதற்கு முந்தைய முறையான பறவைக் கணக்கு எதுவும் நம் கையில் இல்லை. மனாஸில் இருக்கிறது.

இந்தக் களத்தைப் பெரிய வாசகப் பரப்புக்குக் கொண்டுபோன முதல் முக்கியமான புத்தகம் டேவிட் குவாமன் எழுதிய 'தி சாங் ஆஃப் தி டோடோ' (1996). அறுநூறு பக்கத்துக்கு மேல். தொடக்கத்திலேயே ஒரு பாரசீகக் கம்பளத்தைக் கத்தியால் முப்பத்தாறு துண்டுகளாக அறுக்கச் சொல்கிறார். அறுத்த பிறகு மொத்தப் பரப்பளவு குறையவில்லை, ஆனால் நம்மிடம் இருப்பது முப்பத்தாறு சின்னக் கம்பளமா? கிடையாது, ஓரமெல்லாம் நூல் பிரிந்துகொண்டிருக்கும் முப்பத்தாறு கந்தல். நுரையீரலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேலான உருவகம். காரணம் இதில் வேலை செய்யும் பாகம் ஒன்று இருக்கிறது: ஓரம். காட்டுத் துண்டு சாகத் தொடங்குவது அதன் ஓரத்திலிருந்துதான். வெயிலும் வறண்ட காற்றும் பக்கவாட்டில் உள்ளே நுழைகின்றன. இருட்டிலும் ஈரத்திலும் வளர்ந்த மரம் நின்றபடியே காய்கிறது, அல்லது காற்றில் முறிகிறது. வில்லியம் லாரன்ஸும் சகாக்களும் 1997-ல் வெளியிட்ட கட்டுரை இதற்கு எண் கொடுத்தது. ஓரத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருந்த கணக்கெடுப்பு மனைகள், துண்டான 10 முதல் 17 ஆண்டுகளுக்குள் தங்கள் உயிர்ப்பொருளில் 36 சதவீதம் வரை இழந்திருந்தன. மூன்று வருடம் கழித்து அதே குழு எழுதிய இன்னொரு கட்டுரையின் தலைப்பு 'மழைக்காட்டைத் துண்டாக்குவது பெரிய மரங்களைக் கொல்கிறது'. ஆய்வுக் கட்டுரைத் தலைப்புகளில் இவ்வளவு நேரான வினைச்சொல் அபூர்வம்.

ஆனால் கம்பளமும் ஒரு கட்டத்தில் கிழிகிறது. இரண்டு விஷயங்களை அதால் சொல்ல முடியாது.

ஒன்று, துண்டான உடனே நடந்தது. சுற்றியிருந்த காட்டை வெட்டியதும் உள்ளே பறவைகள் குறையும் என்றுதானே எதிர்பார்ப்போம்? வலையில் சிக்கிய பறவைகள் அதிகமாயின. வீடிழந்தவையெல்லாம் மிச்சமிருந்த சதுரத்துக்குள் ஓடிவந்திருந்தன. கொஞ்ச காலம் நெரிசல். பிறகுதான் சரிவு. பேரழிவுக்கு மறுநாள் போய்ப் பார்க்கும் ஒருவர் 'காடு நன்றாகத்தான் இருக்கிறது, முன்னைவிடக் கலகலப்பாக இருக்கிறது' என்று எழுதிவிட்டுத் திரும்பியிருக்கலாம், அவர் பொய்யும் சொல்லியிருக்க மாட்டார். 2003-ல் வந்த கணக்குப்படி 100 ஹெக்டேர் துண்டுகூட தன் அடித்தளப் பறவை இனங்களில் பாதியைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இழக்கிறது. அந்த வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டுமானால் பரப்பளவு ஆயிரம் மடங்கு வேண்டும்.

இரண்டு, பண்ணைகள் தோற்றன. மண் அதற்குத் தோதில்லை, மானியமும் நின்றது. கைவிட்ட மேய்ச்சல் நிலத்தில் புதுக்காடு முளைத்தது. வெட்டியதோடு விட்ட இடங்களில் செக்ரோப்பியா மரங்கள், தீ வைத்த இடங்களில் விஸ்மியா மரங்கள். நிலத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்பது எந்த மரம் வருகிறது என்பதில் எழுதியிருந்தது. இந்தப் புதுக்காடு வழியாகப் பறவைகள் பழைய துண்டுகளுக்குத் திரும்பி வர ஆரம்பித்தன. எறும்புப் படைக்குப் பின்னால் போகும் சில பறவைகளும் அதில் உண்டு. கம்பளத்துக்கு இப்படியெல்லாம் நடக்காது. கந்தல் கந்தல்தான். குவாமனின் புத்தகம் அற்புதமான புத்தகம், ஆனால் அதன் முதல் படிமம் மிக வலுவாக இருப்பதால் கடைசிவரை வாசகர் பிரிந்துபோகும் நூலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மீண்டும் முளைப்பது அந்தப் படிமத்துக்குள் நுழைய வழியில்லை.

எலிசபெத் கோல்பர்ட் 'தி சிக்ஸ்த் எக்ஸ்டிங்ஷன்' (2014) நூலில் இதே களத்துக்குப் போகிறார். அவருடைய முறை வேறு. உருவகத்தை நம்புவதில்லை, மனிதர்களை நம்புகிறார். மரியோ கோன்-ஹாஃப்ட் என்ற பறவையியலாளரோடு நடக்கிறார். அவர் அமேசான் பறவைகளைக் குரலை வைத்தே அடையாளம் சொல்பவர். அந்த அத்தியாயத்தின் நடுவில் எறும்புப் படை வருகிறது: எசிட்டான் பர்செல்லி. அது நகரும்போது இலைச்சருகிலிருந்து பூச்சிகள் சிதறி ஓடும். அந்தப் பூச்சிகளைப் பிடிக்கவென்றே கூடவே போகும் பறவைகள் உண்டு. அந்தப் பறவைகளின் எச்சத்தைத் தின்ன பின்னாலேயே வரும் வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. இந்த எறும்போடு சேர்ந்து வாழ்வதாக எண்ணப்பட்டிருக்கும் உயிரினங்கள் மொத்தம் முந்நூறுக்கும் மேல். சின்னத் துண்டுக்குள் எறும்புப் படைக்குச் சுற்றிவர இடம் போதாது. எறும்பு போனால் இந்த ஊர்வலம் முழுக்கப் போகும். நாவல் வாசிப்பவர்களுக்கு இது பிடிபடும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது: மையப் பாத்திரத்தை எடுத்தால் துணைப் பாத்திரங்கள் காரணமே இல்லாமல் நிற்கும். கோல்பர்ட் இதை அழுகை இல்லாமல், லேசான கிண்டலோடு சொல்லிவிட்டுப் போகிறார்.

அதே நூலில் இதற்கு முந்தைய அத்தியாயம் பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைச் சரிவில். மைல்ஸ் சில்மனும் சகாக்களும் வெவ்வேறு உயரத்தில் பதினேழு மனைகள் அமைத்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, வெப்பம் கூடக் கூட மரங்கள் மேலே ஏறுகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஏறுகின்றன. மரம் நடக்காது, அதன் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் மேலே முளைக்கும். சராசரியாக ஒரு பேரினம் ஆண்டுக்கு எட்டடி. ஷெஃப்லேரா ஆண்டுக்குக் கிட்டத்தட்ட நூறடி. ஐலெக்ஸ் அசையவே இல்லை. 'காடு இடம்பெயர்கிறது' என்று ஒற்றை வாக்கியத்தில் எழுதிவிட முடியாது என்பதுதான் இதில் கிடைக்கும் செய்தி. ஒவ்வொன்றும் தனித்தனி வேகம். மேலே போய்ச் சேரும்போது அது பழைய காடாக இருக்காது, பாதி சனம் வராத கல்யாணம் மாதிரி இருக்கும்.

இரண்டு புத்தகமும் நல்ல புத்தகங்கள். ஆனாலும் இரண்டிலும் ஒரு காடு கேள்விக்கு உள்ளாகாமல் நிற்கிறது. அதுதான் என் கட்டுரையின் விஷயம்.

எந்தச் சோதனைக்கும் ஒரு ஒப்பீடு வேண்டும். நம்ம பாடநூல்கள் இதைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கின்றன. ஏதோ ஊரடங்கு போட்ட மாதிரி. ஒப்பீட்டுக் குழு என்றால் போதும். மனாஸில் வெட்டிய சதுரங்களோடு ஒப்பிட, வெட்டாத பெருங்காட்டிலும் அதே அளவு மனைகள் வைத்தார்கள், அதே வலை, அதே நேரம். துண்டு என்னென்ன இழந்தது என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் எதையும் இழக்காத ஒன்று நிற்க வேண்டும். கதையில் இதற்கு இணையானவர் நம்பத்தகுந்த கதைசொல்லி. எல்லாரும் மாறுவார்கள், அவர் மட்டும் ஒரே இடத்தில் நின்று சொல்லிக்கொண்டிருப்பார்.

2004-ல் லாரன்ஸ் குழு 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை போட்டது. இந்த முறை அவர்கள் பார்த்தது துண்டுகளை அல்ல, ஒப்பீட்டுக்காக விட்ட காட்டை. பதினெட்டு மனைகள், கிட்டத்தட்ட 14,000 மரங்கள். ஓரளவு எண்ணிக்கை உள்ள 115 பேரினங்களில் 27 குறிப்பிடத்தக்க அளவு மாறியிருந்தன. வேகமாக வளரும் உயர்ந்த மரங்கள் பெருகிக்கொண்டிருந்தன, நிழலில் மெதுவாக வளரும் சின்ன மரங்கள் தேய்ந்துகொண்டிருந்தன. அந்தக் காட்டில் கோடரி விழவில்லை, தீ இல்லை, மாடு இல்லை. காற்றில் கூடிக்கொண்டிருக்கும் கரியமில வாயு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். கவனியுங்கள், 'இருக்கலாம்'.

2020-ல் பிலிப் ஸ்டவ்ஃபரும் சகாக்களும் பறவைகளைப் பற்றி எழுதினார்கள். 1980களின் வலைக்கணக்கையும் 2008-க்குப் பிந்தைய கணக்கையும் எதிரெதிரே வைத்தார்கள், அதே தொடாத காட்டில். தரையிலும் தரையை ஒட்டியும் இலைச்சருகைக் கிளறிப் பூச்சி தேடும் பறவைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. கட்டுரைத் தலைப்பின் கடைசிப் பகுதி, அளவுகோலே நகர்கிறது என்ற பொருளில் முடிகிறது. நாற்பது வருஷமாக எதை வைத்து எல்லாவற்றையும் அளந்தார்களோ அதுவே நழுவிக்கொண்டிருந்தது என்பதை, ஆச்சரியக்குறி இல்லாமல், ஒரு தலைப்பின் வாலில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு, 2021-ல், விடெக் யிரினெக்கும் அதே குழுவும். 77 இனப் பறவைகளின் எடை, இறக்கை நீளம். எழுபத்தேழும் 1980களின் தொடக்கத்தைவிடச் சராசரி எடையில் குறைந்திருந்தன. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு இனங்களில் இறக்கை நீண்டிருந்தது. அந்தக் காலத்தில் 30 கிராம் இருந்த ஒரு பறவையை யோசித்தால் இப்போது அது சுமார் 27.6 கிராம். வெப்பம் கூடிய காட்டில் உடம்பைச் சிக்கனமாக ஓட்ட வேண்டிய நெருக்கடி என்று விளக்குகிறார்கள். இவை வலசை போகும் பறவைகள் அல்ல, வேறெங்கோ பட்ட கஷ்டம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பிறந்தது, வளர்ந்தது, செத்தது எல்லாம் அந்தக் காட்டின் அடித்தட்டு நிழலில்தான்.

இந்த மூன்று கட்டுரைகளையும் அடுத்தடுத்து வாசித்தால் கிடைப்பது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. நம்பத்தகுந்த கதைசொல்லி மெல்ல இளைத்துக்கொண்டிருக்கிறார், அதை அவர் வாயாலேயே கேட்கிறோம். அப்படியானால் முந்தைய கணக்குகள்? துண்டுகள் இழந்ததாகச் சொன்னதில் எவ்வளவு துண்டானதால், எவ்வளவு காற்று மாறியதால்? ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. அதை வைத்து நாடகமும் போடவில்லை. 'நுரையீரல்' என்று எழுதுகிறவருக்கு ஒரு இடத்திலும் 'இருக்கலாம்' தேவைப்படுவதில்லை. இவர்களுக்கு ஒவ்வொரு பத்தியிலும் தேவைப்படுகிறது. இந்தத் தயக்கத்தைச் சலிப்பு என்று நினைக்கிறவர்கள், ஒரு இனத்தின் பெயரை எழுதுவதற்கு முன்னால் எத்தனை விடியற்காலை வலை விரித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

முழுக்கப் பாராட்டிவிட்டுப் போகவும் மனசில்லை. இந்த உரைநடைக்குச் சில கெட்ட பழக்கங்கள் உண்டு. 'மரங்கள் அளக்கப்பட்டன', 'இனங்கள் அடையாளம் காணப்பட்டன'. யாரால்? அமேசானில் ஒரு ஹெக்டேருக்குள் 280 வகை மரம் வரை இருக்கும். பூ இல்லை, காய் இல்லை, இலை முப்பது மீட்டர் உயரத்தில். பட்டையைச் சீவி, பாலைப் பார்த்து, முகர்ந்து பெயர் சொல்பவர்களைப் பிரேசிலில் மட்டெய்ரோ என்பார்கள். காட்டு வேலைக்காரர்கள். பட்டம் கிடையாது. கட்டுரையில் அவர்கள் இடம் பெரும்பாலும் கடைசிப் பத்தியில், நன்றியில். மரபான கவிதையில் பாட்டுடைத் தலைவன் இருக்க, பல்லக்கு தூக்கியவர்கள் இல்லாமல் போன மாதிரி. இந்தப் 'பட்டன'த்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் நாமும் அப்படியே கொண்டுவருகிறோம், நம்ம மொழியில் அதற்கு அவசியமே இல்லாதபோதும். 2021-ல் வெப்பமண்டலக் காட்டு மனைகளின் வலையமைப்புகளைப் பற்றி வந்த கட்டுரை ஒன்றில் நூற்றுக்கணக்கானவர்களை ஆசிரியர்களாகச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் அதன் தலைப்பில் வெப்பமண்டலக் காடுகளின் 'நாடி பார்க்கிறார்கள்'. மறுபடியும் உடம்பு, மறுபடியும் வைத்தியர்!

இன்னொரு பழக்கம் 'சோதனை முறையில் துண்டாக்கப்பட்ட காடு' என்ற தொடர். கேட்டால் ஏதோ ஆய்வகத்தில் நடந்ததுபோல இருக்கிறது. வெட்டியது பண்ணைக்காரர்கள், மாட்டுக்காக, ராணுவ அரசின் காசில். பிற்காலக் கட்டுரைகளில் இந்தப் பின்னணி ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. இதில் குவாமனும் கோல்பர்ட்டும் நேர்மையானவர்கள், மாட்டை மறைக்கவில்லை.

எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018-ல் லவ்ஜாயும் பிரேசிலின் கார்லோஸ் நோப்ரேயும் எழுதிய குறுந்தலையங்கம், அமேசானில் 20 முதல் 25 சதவீதம் அழிந்தால் திரும்ப முடியாத எல்லை என்றது. அதன் பின்னால் உறுதியான அறிவியல் உண்டு. அமேசான் தன் மழையில் பெரும்பகுதியைத் தானே மறுசுழற்சி செய்கிறது என்று எனேயாஸ் சலாட்டி 1970களிலேயே காட்டியிருக்கிறார். கிழக்கே பெய்த நீரை மரங்கள் மேலே அனுப்ப, அது மேற்கே மீண்டும் பெய்கிறது. பிரேசிலில் இதைப் 'பறக்கும் ஆறுகள்' என்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பொருத்தமான உருவகம் அதுதான், ஏனென்றால் அது நிஜமாகவே நீர். ஆனால் 25 சதவீதம் என்ற எண் வெளியே போனதும் ஒரு கடைசித் தேதி மாதிரி ஆகிவிட்டது. 24 வரை பரவாயில்லை என்று கேட்கிறது. ஒப்பீட்டுக் காட்டின் பறவைகள் எந்த எல்லைக்கும் காத்திருக்காமல் இளைத்துவிட்டன.

கரிமக் கணக்கும் அப்படித்தான். 2020-ல் ஆப்பிரிக்க, அமேசான் மனைகள் 565-ஐச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று, தொடாத வெப்பமண்டலக் காடுகள் கரிமத்தை உறிஞ்சும் திறன் 1990களிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது என்றது. 2021-ல் லூசியானா கட்டி குழு சிறு விமானங்களில் 590 முறை காற்றை மாதிரி எடுத்து, தென்கிழக்கு அமேசான் இப்போது உறிஞ்சுவதைவிட வெளியிடுவதே அதிகம் என்று காட்டியது. 1990கள் என்றால் குவாமன் எழுதிக்கொண்டிருந்த காலம். அவர் கம்பளத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது அறுபடாத கம்பளமும் சாயம் போகத் தொடங்கியிருந்தது. அவருக்கு அது தெரிய வழியில்லை.

தமிழில் இதையெல்லாம் யாராவது மொழிபெயர்ப்பதாக இருந்தால் புத்தகங்களிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். ஸ்டவ்ஃபரின் 2020 கட்டுரையிலிருந்து தொடங்கலாம். நீளம் குறைவு. அதில் சிறகில் பட்டைபோட்ட எறும்புப்பறவை ஒன்று வருகிறது, தரையில் சருகைப் புரட்டித் தின்பது. 1980களில் வலை வைத்த அதே காட்டில் அதே மாதிரி வலை வைக்கிறார்கள். இலை உதிர்கிறது, தரை முன்னைப்போலவே இருட்டாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. அந்தப் பறவை மட்டும் முன்போல் வலையில் விழுவதில்லை.